மேளம் வாசிக்க ஆள் வேண்டும்

(ஊர் இசை விழா நிறைவு நாளில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கோயில் தக்கார் ஐயா அவர்களே, பந்தலும் சாப்பாடும் ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் நாதஸ்வர, தவில் வித்வான்களே, தாய்மார்களே, வணக்கம்.

மரபைக் காப்பதா, புதுமை செய்வதா என்பது தலைப்பு. வாத்தியம், பாட்டு, ரசிகர் என்று மூன்றாகப் பிரித்துப் பேச வந்தேன். முதலில் வாத்தியம்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. திமிரி என்கிற நாதஸ்வரம் குட்டையானது, சுருதி அதிகம், வீதிப் புறப்பாட்டில் நாலு தெருவுக்குக் கேட்கும். கச்சேரி மேடைக்கு அவர் நீளமான, சுருதி குறைந்த பாரி நாதஸ்வரத்தை எடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்தார். பக்கத்தில் சுருதிக்கு ஊதும் ஒத்து போய்த் தம்புரா வந்தது. குடுமி போய்க் கிராப்பு வந்தது, ஷெர்வானியும் வந்தது. தோடி ராகம் மட்டும் போகவில்லை, இன்னும் பெரிதாக வளர்ந்தது. வாசிக்கிறவர் வாசித்து வாசித்துக் கண்டதுதான் புதுமை. வாசிக்கிற ஆளையே எடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்?

அண்மையில் ஒரு கல்யாணம். ஊர்ப் பெயர் வேண்டாம். மேளம் வைக்கவில்லை. பெண்ணின் மாமா கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்து வைத்திருந்தார். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையைத் தூக்குகிறார். மாமா திரையைத் தேய்க்கிறார். வந்தது முட்டிவலித் தைல விளம்பரம்! மாப்பிள்ளை தாலியும் கையுமாக நிற்கிறார். "அஞ்சே நிமிஷம், முடிஞ்சிரும்" என்கிறார் மாமா. பின்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து குலவை போட்டார், மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். அந்தக் குலவையில்தான் தாலி ஏறியது. சிரிக்கிறீர்கள், சரி. இரண்டு தெரு தள்ளித் தலைமுறை தலைமுறையாகத் தவில் வாசிக்கும் குடும்பம், அந்த முகூர்த்த நாளில் வீட்டில் சும்மா இருந்தது. அவர்கள் இருந்தால் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தே வாசிப்பார்கள், மூன்றாம் முடிச்சு விழும்வரை விடமாட்டார்கள். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தானே கறக்கணும்!

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைந்து கடைந்து செய்கிறார்கள். வாங்கி வாசிக்க ஆள் வேண்டாமா? கோயிலில் பொத்தானை அமுக்கினால் மின்சார மேளம் தானே அடிக்கிறது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி அதற்குத் தெரியுமா?

பாட்டும் ரசிகரும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், தலைவர் மணியைப் பார்க்கிறார். தக்கார் ஐயா, காலசந்தி என்கிற காலைப் பூஜைக்கு ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் போடுங்கள். அம்மா அவர்களே, மேளம் வைக்கும் கல்யாணங்களுக்கு நகராட்சி மண்டப வாடகையைக் குறைத்துத் தீர்மானம் கொண்டுவாருங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடப் போகலாம். வணக்கம்.