பன்னிரண்டாவது புத்தகத்துல மேட் ஏன் மேட் மாதிரி இல்ல?

[திரை: கறுப்புப் பின்னணி. நடுவில் 2009 என்ற ஆண்டு மட்டும்.]

ஒரு ஃபேன்டஸி தொடர். பதினோரு புத்தகம் வந்தாச்சு. பன்னிரண்டாவதை எழுதிட்டிருக்கும்போதே ஆசிரியர் காலமாயிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு, 2009 அக்டோபர் 27ஆம் தேதி, இன்னொருத்தர் கையால எழுதப்பட்டு அந்தப் பன்னிரண்டாவது புத்தகம் கடைக்கு வருது. அதை வாங்கின வாசகர் முதல் பக்கத்துல எதைத் தேடுவாரு? கதை எங்க போகுதுன்னு இல்ல. இவங்க நமக்குத் தெரிஞ்ச அதே ஆளுங்கதானான்னு தேடுவாரு.

தொடரோட பேரு தி வீல் ஆஃப் டைம். புத்தகம், தி கேதரிங் ஸ்டார்ம். தலைப்புல இருக்கிற மேட், அதுல முக்கியமான பாத்திரங்கள்ல ஒருத்தன். இனிமே ஸ்பாய்லர் நிறைய வரும். படிக்கப் போறவங்க இங்கயே நிறுத்திக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

[திரை: தொடரின் பதினான்கு புத்தகங்கள் வரிசையாக.]

ராபர்ட் ஜோர்டன்ங்கிறது புனைபெயர். சொந்தப் பேரு ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவுல தெற்கு கரோலினா, சார்ல்ஸ்டன்காரர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். முதல் புத்தகம் 1990ல வந்துச்சு. அவரை 2007 செப்டம்பர்ல கொண்டுபோனது அமிலாய்டோசிஸ்ங்கிற அபூர்வமான நோய். கடைசி மாசங்கள்ல கதை எப்படி முடியணும்னு வீட்டு ஆளுங்ககிட்ட வாயாலயே சொல்லிவெச்சாரு, குறிப்பு எழுதிவெச்சாரு, கடைசிக் காட்சியையும் எழுதிவெச்சுட்டாரு.

மிச்சத்தை யார் எழுதுறதுன்னு முடிவு பண்ணது அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல். அவங்கதான் இந்தத் தொடருக்கு முதல்லேர்ந்தே எடிட்டர். ஜோர்டன் இறந்தப்போ பிராண்டன் சாண்டர்சன்னு ஒரு இளம் எழுத்தாளர் எழுதின அஞ்சலி அவங்க கண்ணுல பட்டுச்சு. அவரோட நாவலையும் படிச்சுப் பார்த்துட்டு போன் போட்டாங்க. ஒரே புத்தகமா முடியவேண்டியது மூணா நீண்டுச்சு. கடைசி வந்தது 2013 ஜனவரியில.

நமக்கு இது புதுசு இல்லைங்க. 1954ல கல்கி மறைஞ்சப்போ அமரதாரா பாதியில நின்னுச்சு. அவர் குறிப்புகளை வெச்சு மகள் ஆனந்திதான் முடிச்சாங்க.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

முதல்ல வந்தது நிம்மதி. ஏன்னு புரியணும்னா பத்தாவது புத்தகத்தை ஞாபகப்படுத்தணும். ஒன்பதாவதோட கடைசியில, 2000ல, பெரிய சம்பவம் ஒண்ணு நடக்குது. ஆண்களோட மந்திர சக்தியில மூவாயிரம் வருஷத்துக்கும் மேல படிஞ்சிருந்த விஷத்தைக் கதாநாயகன் ரேண்ட் கழுவி எடுக்குறான். 2003ல பத்தாவது வருது. அதுல பாதி ஆளுங்க அவங்கவங்க இடத்துல நின்னு, "தூரத்துல ஏதோ பெருசா நடக்குதே"ன்னு திரும்பிப் பார்க்குறாங்க. அவ்ளோதான். நடுநடுவுல டீ. யார் போட்டிருக்கிற பாவாடையில என்ன எம்பிராய்டரின்னு ஒரு பத்தி. பதினொண்ணுல ஜோர்டனே வண்டியைக் கிளப்பிட்டாரு, அதையும் சொல்லணும். பன்னிரண்டுல சாண்டர்சன் பல வருஷமாத் தொங்கிட்டிருந்த முடிச்சுகளை ஒவ்வொண்ணா அவிழ்க்குறாரு.

அதுல உச்சம்னா என்னைப் பொறுத்தவரைக்கும் வெரின் காட்சிதான்.

[திரை: டீக்கோப்பை ஒன்றின் கோட்டுச்சித்திரம்.]

வெரின் ஒரு ஐஸ் செடாய், அதாவது மந்திர சக்தி இருக்கிற பெண்கள் அமைப்புல ஒருத்தர். கொஞ்சம் மறதி, விரல்ல மை, எப்பவும் ஏதாவது குறிப்பெடுத்துட்டிருக்கிற ஆராய்ச்சிக்கார அம்மா. ஐஸ் செடாய்கள் பொய் சொல்ல முடியாது, சத்தியம் கட்டிப்போட்டிருக்கு. இந்தம்மா, ரேண்டோட ஊர்க்காரப் பொண்ணு எக்வீன் ரூமுக்கு வந்து டீ குடிச்சுக்கிட்டே, அவ போட்டிருக்கிற வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பச்சைங்கிறாங்க. பொய்! அப்போ இவங்க பிளாக் அஜா, ஐஸ் செடாய்களுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கிற எதிரிக் கூட்டம். அந்தக் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு வெரின் செஞ்ச சத்தியத்துல ஒரு சொல் இருக்கு: சாகுற நேரம் வரைக்கும். அதனால விஷத்தைக் குடிச்சுட்டு, சாவோட கடைசி ஒரு மணி நேரத்துல எதிரிகளோட மொத்தப் பட்டியலையும் எக்வீன் கையில குடுத்துட்டுப் போயிடுறாங்க.

இங்க பழைய வாசகர்கள் என்ன பண்ணாங்கன்னா, நேரா ரெண்டாவது புத்தகத்தைத் தேடி எடுத்தாங்க. மொய்ரேன்ங்கிற இன்னொரு ஐஸ் செடாய்தான் என்னை அனுப்பினாங்கன்னு வெரின் அதுல சொல்றாங்க. மூணாவதுல மொய்ரேன், "நான் அனுப்பவே இல்லையே"ங்கிறாங்க. பொய் சொல்ல முடியாதவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லியிருக்காங்க! 1990லயே விதைச்ச விதை. இதை வெச்சு வருஷக்கணக்கா வாதாடினவங்களுக்கு அந்த ஒரு அத்தியாயம் போதும், குடுத்த காசுக்கு.

ரேண்ட் பகுதியும் கனம்தான். தானே கல்லாயிட்டா வலிக்காதுன்னு இறுகிப் போய், பெத்த மகனா வளர்த்த அப்பாவையே கொல்லப் போற அளவுக்குப் போயிடுறான். அப்புறம் டிராகன்மவுன்ட் மலை உச்சியில தனியா நின்னு, எதுக்குத் திரும்பத் திரும்பப் பிறக்குறோம்னு கேட்குறான். அதுக்குக் கிடைக்கிற பதில்ல சிரிச்சுடுறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க வாசகர்கள் பல புத்தகம் காத்திருந்தாங்க.

ஆனா மேட்.

மேட் வந்த முதல் பக்கத்துலயே, "யார் இவன்?"னு கேட்டவங்கதான் அதிகம். நானும் கேட்டேன். சூதாடி, குதிரைப் பிரியன், அதிர்ஷ்டக்காரன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. பேச்சுதான் வேற.

[திரை: இரண்டு பக்கங்கள் அருகருகே. எழுத்துகள் தெரியாதபடி மங்கலாக.]

ஜோர்டன் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு பாத்திரத்தோட மண்டைக்குள்ள உட்கார்ந்து எழுதுவாரு. அந்தப் பாத்திரம் நம்புறது ஒண்ணா இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியிறது வேறயா இருக்கும். மேட் மனசுக்குள்ள, "எனக்கெதுக்கு வம்பு, ஓடிடுவோம்"னு புலம்பிக்கிட்டே குதிரையை நேரா சண்டைக்குள்ள விடுவான். தன்னை விட மரியாதை தெரிஞ்சவன் உலகத்துலயே இல்லைன்னு சத்தியமா நம்புவான். நாம சிரிப்போம், அவன் சிரிக்க மாட்டான். தான் காமெடின்னு அவனுக்குத் தெரியவே தெரியாது.

சாண்டர்சனோட மேட்டுக்குத் தெரியுது. ஜோக் அடிக்கிறான். ஒரு ஊருக்குள்ள மாறுவேஷத்துல போறதுக்கு, கூட வர்ற ஒவ்வொருத்தனுக்கும் பொய்யா ஒரு பூர்வ கதையை நீளமா எழுதிக் குடுக்குறான். தனியாப் படிச்சா நல்லாவே சிரிக்கலாம். ஆனா அது சாண்டர்சனோட சொந்த நாவல்கள்ல வர்ற ஒரு ஆள் அடிக்கிற கூத்து. முதல் மேட் சரியா வரலைன்னு சாண்டர்சனே பின்னாடி வெளிப்படையா ஒத்துக்கிட்டாரு.

அப்போ ரேண்டும் எக்வீனும் மட்டும் எப்படித் தப்பிச்சாங்க? என் கணிப்பு இது. ரேண்ட் இந்தப் புத்தகத்துல பேச்சையே குறைச்சுட்டான், உறைஞ்சு போயிருக்கான். எக்வீன் சிறையில அடி வாங்கிக்கிட்டே தலை குனிய மறுக்குறா. அவ யாருங்கிறது செயல்லயே தெரிஞ்சுடுது. ரெண்டு பேரையும் கதையோட குறிப்பு தாங்கிப் பிடிச்சிடும். மேட் முழுக்க முழுக்கத் தொனி. "இங்க மேட் இந்த ஊருக்குப் போறான்"னு குறிப்பு எழுதிவெக்கலாம். அவன் புலம்பலை எப்படிங்க குறிப்பா எழுதிவெக்கிறது?

முன்னுரையில சாண்டர்சன் இதை நேராவே சொல்லியிருக்காரு: ஜோர்டன் நடையைக் காப்பியடிக்கப் போறதில்ல, அதே திரைக்கதை, அதே நடிகர்கள், டைரக்டர் மட்டும் புதுசுன்னு. நான் அவர் பக்கம்தான். பதினோரு புத்தகத்தோட நடையை ஆயிரம் பக்கத்துக்கு நடிச்சுக் காட்டியிருந்தா, மேட் மட்டும் இல்ல, எல்லாருமே பொம்மையாயிருப்பாங்க.

அடுத்த புத்தகம் டவர்ஸ் ஆஃப் மிட்நைட், 2010. அதுல மேட் கென்ஜெய் கோபுரத்துக்குள்ள போய் ஒரு கண்ணைக் குடுத்துட்டு மொய்ரேனை மீட்டுட்டு வர்றான். குரல் முழுசா சரியாயிடலை, ஆனா பாதி தூரம் திரும்பி வந்துட்டான்.

பத்தாவதுல வெறுத்துப்போய் நிறுத்தினவங்க நிறையப் பேர் இருக்கீங்கன்னு தெரியும். நேரா பன்னிரண்டுக்குத் தாவிடாதீங்க. ரேண்டோட கை போறதும், மேட் கல்யாணம் முடியிறதும் பதினொண்ணுல. அதுவும் ஜோர்டன் கையால முழுசா வந்த கடைசி மேட்.