ஆழமில்லாத நீரில் படகை நிறுத்தும் ஊன்றுகழி: வீட்டிலேயே செய்யும் முறை

[காட்சி: புளோரிடாவின் இந்தியன் ரிவர் காயல், மேலிருந்து. கடற்புல் பரப்பின் மேல் ஒரு சிறு படகு.]

புளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலிலும் டெக்சாஸின் லகூனா மாத்ரே காயலிலும் ரெட்ஃபிஷ் மீனைத் தேடிச் செல்லும் தூண்டில்காரர்கள், முழங்கால் அளவு நீரில் படகை ஓசையின்றி நிறுத்தியாக வேண்டும். சங்கிலியுடன் நங்கூரத்தை இறக்கினால் மீன் கலைந்துவிடும். ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு கயிறு விட வேண்டியிருப்பதால் படகும் காற்றுக்கேற்ப அலைந்துகொண்டிருக்கும். நங்கூரம் இழுபட்டாலோ கடற்புல் வேரோடு பெயர்ந்துவிடும். ஆகவே அங்கே கழியை ஊன்றுகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் தானே இறங்கும் பவர்-போல் போன்ற கருவிகளுக்கு நிறையச் செலவாகும். கையால் ஊன்றும் கழியை நாமே செய்துகொள்ளலாம்.

[காட்சி: மேசையின் மேல் தண்டு, பிவிசி துண்டுகள், எபாக்சி பசை.]

பணத்தைத் தண்டில் போடுங்கள். மற்றவற்றில் மிச்சம் பிடியுங்கள். வெறும் பிவிசி குழாய் வளைந்துவிடும், மரக்கம்பு ஊறி உளுத்துப்போகும், இரும்புக் கம்பி துருப்பிடிப்பதோடு படகின் பக்கத்தையும் கீறும். முக்கால் அங்குலப் பருமனுள்ள, உள்ளே துளையில்லாத கண்ணாடியிழைத் தண்டே இதற்கு ஏற்றது. மூன்றடி நீருக்கு ஆறடித் தண்டு குறைந்தபட்சம். எட்டடி இருந்தால் நல்லது.

[காட்சி: கைப்பிடி பொருத்துவது, மிக அருகில்.]

முக்கால் அங்குல பிவிசி டீயின் (T வடிவ இணைப்பின்) இரு பக்கமும் கைக்கு அடங்கும் குழாய்த் துண்டுகளையும், நடுவாயில் அரையடித் துண்டையும் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தக் குழாயின் உள்விட்டம் தண்டைவிட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அதிகம் என்பதால், தண்டின் நுனியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு இடங்களில் டேப் சுற்றி, இடைவெளி முழுவதும் கெட்டியான எபாக்சியைப் பூசிச் செலுத்துங்கள். தண்டின் முனை டீயின் உட்சுவரில் போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால், ஊன்றும்போது நீங்கள் கொடுக்கும் அழுத்தம் முழுவதையும் பசை மட்டுமே தாங்க நேரிடும். பிடி கழன்றுவரும் கழிகளில் பெரும்பாலும் இதுதான் குறை. ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

மறுமுனையை ஐந்தாறு அங்குல நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்துக் கூராக்குங்கள். கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடியும் கையுறையும் அணிந்து, திறந்த வெளியில் தேய்ப்பது கட்டாயம். தேய்த்த இடத்தில் எபாக்சி பூசினால் இழைகள் பிரியாது. வெயிலில் மேற்பரப்பு பொரிந்து கையில் சிலாம்பு ஏறாமலிருக்க, தண்டு முழுவதற்கும் பெயிண்ட் அடிப்பது நல்லது. கழி நீரில் மூழ்கும் என்பதால், பிடிக்குக் கீழே ஒன்றரை அடி நீச்சல்குள நுரைக்குழாயைக் கோத்துவிடுங்கள்.

[காட்சி: படகில் ஊன்றுவது.]

கூடாரத்து முளையைப் போலவே, கழியின் தலை படகுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்குமாறு, இருபுறமும் திருகியபடி ஓரடி ஆழம் இறக்குங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். ஒரு கயிற்றின் நுனியைச் சுருக்கிட்டுக் கழியில் மாட்டி, சுருக்கை நீர்மட்டம் வரை இறக்கிவிட்டால் கழியின் மேல் நெம்பு விசை குறையும். கயிற்றின் மறுமுனையைப் படகின் முன்பக்கத்தில் கட்டுங்கள். காற்றடிக்கும்போது பின்பக்கத்தில் கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும். சேற்றிலும் மணலிலும் இது நன்றாகப் பிடிக்கும், பாறையிலும் சிப்பித் திட்டிலும் பிடிக்காது. பலத்த காற்றுக்கோ, ஆளில்லாமல் படகை விட்டுச் செல்வதற்கோ இதை நம்ப வேண்டாம். அதற்காக ஒரு நங்கூரத்தையும் படகில் வைத்திருங்கள்.

எடுக்கும்போது பக்கவாட்டில் வளைக்காமல், முதலில் திருகித் தளர்த்திவிட்டு, ஊன்றிய சாய்விலேயே உருவுங்கள்.