பொன்னாட்டின் மண்கலம்

அவைத்தலைவர் அவர்களே, சான்றோர்களே, நண்பர்களே, வணக்கம்.

லிடியா என்னும் பண்டை நாட்டின் பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்குப் பொன்தான் நினைவுக்கு வரும். குரோசஸ் மன்னனின் கருவூலம், பாக்டோலஸ் ஓடையின் பொன்துகள், எலெக்ட்ரம் என்னும் பொன்வெள்ளிக் கலவையில் அடித்த தொடக்ககால நாணயங்கள் என்று அந்நாட்டின் புகழ் முழுவதும் உலோகத்தின் மேலேயே நிற்கிறது. நான் இன்று பேசப்போவது அந்நாட்டுக் குயவர்களைப் பற்றி. பொன் உருக்கப்பட்டு வேறு வடிவம் கொண்டுவிடும். உடைந்த ஓடோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே, கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளின் லிடிய வணிகத்தை அறிய, நாணயத்தைவிட உடைந்த மண்கல ஓடுகளையே நான் நம்புகிறேன்.

தலைநகரான சார்டிஸ் இன்றைய மேற்குத் துருக்கியில், தமோலஸ் மலையடிவாரத்தில் இருந்தது. 1910 முதல் 1914 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிராஸ்பி பட்லர் அங்கே அகழ்ந்தார். 1958இல் ஹார்வர்டும் கார்னெலும் இணைந்து தொடங்கிய அகழாய்வு பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து நடைபெற்று வருகிறது. அங்கே கிடைக்கும் கலங்களின் களிமண்ணில் காக்காப்பொன் என்னும் மைக்கா மிகுதி. உடைந்த ஓடு ஒன்றை வெயிலில் திருப்பிப் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னும். பொன்னுக்குப் பேர்போன ஊரின் சட்டிபானையில் காக்காப்பொன் மினுங்குவது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

அக்குயவர்களின் கைவண்ணத்தில் தனித்தன்மை கொண்டது பளிங்குக்கோலம் எனத்தக்க பூச்சுமுறை. இரும்புச்சத்துள்ள நுண்ணிய களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, பல தூரிகைகளை ஒன்றாகச் சேர்த்தது போன்ற ஒரு கருவியைத் தோய்த்து, கலத்தின்மேல் வளைத்து வளைத்து இழுத்திருக்கிறார்கள். சூளையிலிருந்து எடுக்கும்போது, பூச்சு திரண்ட இடம் கருமையாகவும், மெலிந்த இடம் செம்மஞ்சளாகவும், இடைப்பட்டவை பழுப்பாகவும் மாறி, அலையலையாக ஓடும் வரிகளாகத் தெரியும். கிரேக்கக் குயவர்கள் வரிவரியாகக் காட்டாடும் மானும் தீட்டிக்கொண்டிருந்தபோது, சார்டிஸ் குயவர்களும் அந்த விலங்கு வரிசைகளைக் கற்றுக்கொண்டு தீட்டினார்கள் என்பது உண்மையே. ஆயினும், அவர்கள் கைக்கு இயல்பாக வந்தது இந்த வரியோட்டந்தான் என்பது என் கருத்து.

இனி வணிகத்துக்கு வருகிறேன். லிடியன் என்று கிரேக்கர் அந்நாட்டின் பெயராலேயே அழைத்த ஒரு சிறு கலம் உண்டு. அகன்று தட்டையான விளிம்பு, குறுகிய கழுத்து, உருண்ட வயிறு, அடியில் கூம்பிய கால். பெரும்பாலானவை ஒரு சாண் உயரங்கூட இல்லாதவை. பாக்கரிஸ் என்னும் நறுமணப் பூச்சு இதில் அடைக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எபேசஸ் நகரத்துக் கவிஞர் ஹிப்போனாக்ஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே அப்பூச்சைக் குறிப்பிட்டிருக்கிறார். எண்ணெய்க்குடுவையின் வாய் துளித்துளியாக ஊற்றுவதற்கு ஏற்ப இருக்கும். இதன் விரிந்த வாயோ விரல்விட்டு வழித்தெடுக்கும் குழைவான பொருளுக்கே பொருந்துகிறது.

சார்டிஸ் துறைமுக நகரமன்று. கடற்கரை நகரமான எபேசஸிலிருந்து அங்கே செல்ல மூன்று நாள் வழி என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கிடுகிறார். அவ்வளவு உள்நாட்டில் நிரப்பப்பட்ட பண்டத்தின் கலங்கள் கிரேக்கத்திலும் இத்தாலியின் எட்ரூரியக் கல்லறைகளிலும் கிடைக்கின்றன. அதைவிடச் சுவையானது, ஏதென்ஸ், ஸ்பார்டா, எட்ரூரியா ஆகிய இடங்களின் குயவர்கள் தங்கள் ஊர் மண்ணிலேயே இக்கலத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். வாங்குபவர் கலத்தின் உருவத்தைக் கண்டே உள்ளிருப்பதை அறிந்தார் என்றால்தான் அப்படிப் போலி செய்வதில் பொருள் உண்டு. எட்ரூரியர் லிடியாவிலிருந்து குடியேறியவர்கள் என்று ஹெரோடோட்டஸ் சொன்ன கதைக்கு இக்கலங்களைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அக்கதை கூறும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை இவை. மணப்பூச்சு போன இடமெல்லாம் கலமும் போயிற்று, அவ்வளவே.

ஊரைவிட்டு நகராத கலங்களும் உண்டு. சார்டிஸ் மண்ணில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில், ஒரு சமையல் பானை, ஒரு குவளை, ஒரு கூசா, ஒரு தட்டு, ஓர் இரும்புக் கத்தி என ஒரே அமைப்பில் புதைக்கப்பட்டிருந்தன. பானைக்குள் நாய்க்குட்டியின் எலும்புகள் இருந்தன. ஏதோ ஒரு தெய்வத்துக்கு இட்ட படையல் என்றே இதைக் கொள்கின்றனர்.

கி.மு. 547ஐ ஒட்டி, பாரசீக மன்னன் சைரஸின் படை சார்டிஸைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 20 மீட்டர் தடித்த மதிலை அடுத்திருந்த வீடுகள் எரிந்து இடிந்தன. அவற்றின் அடுக்களைக் கலங்கள் இருந்த இடத்திலேயே நொறுங்கிப் புதைந்தன. இந்த ஒரு மண்ணடுக்கை அளவுகோலாகக் கொண்டே மற்ற லிடியக் கலங்களின் காலத்தையும் நாம் கணிக்கிறோம். குயவர் தொழில் அத்துடன் நின்றுவிடவில்லை. லிடியன் கலத்தை அவர்கள் பாரசீக ஆட்சியிலும் வனைந்தார்கள்; புதிய ஆட்சியாளர்களின் வெள்ளிக் கிண்ணத்தைப் பார்த்து, அதே காக்காப்பொன் மண்ணில் கிண்ணங்களும் செய்யத் தொடங்கினார்கள்.