மாதவிலக்கு நிற்கும் வயதும் தைராய்டு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஆச்சிமார் பலர், "சாப்பாட்டைக் குறைச்சாச்சு, வயிறு மட்டும் பெருத்துக்கிட்டே போகுது, தைராய்டாத்தான் இருக்கும்" என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

நம் நாட்டில் மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், முன்பு தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். வயது ஏற ஏறத் தசையும் குறையும். தைராய்டு மந்தமாவதும் பெரும்பாலும் இதே வயதில்தான். அசதி, முடி உதிர்தல், மனச்சோர்வு எல்லாம் இரண்டிலும் உண்டு. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகவீக்கம், குரல் கரகரப்பு இருந்தால் தைராய்டைச் சந்தேகிப்பேன். திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்தால் மாதவிலக்கு நிற்பதன் அறிகுறி என்பேன். ஆனால் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்க்கும், படபடக்கும். அதனால் ஊகம் வேண்டாம், டி.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். அந்த எண் கூடியிருந்தால் தைராய்டு கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. தைராய்டு சரியாக வேலை செய்யாதபோது, அதை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி கூடுதலாக அனுப்புவதுதான் டி.எஸ்.ஹெச்.

தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் உப்பும் நீரும்தான் அதிகம். 12 கிலோ ஏறியிருந்தால் வேறு காரணமும் தேட வேண்டும். விசேஷ வீட்டில் கந்தரப்பத்தைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கே மனசு வராது, ஒன்றோடு நிறுத்தப் பாருங்கள். அப்புறம் நடை. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகளில் நடக்க இடத்துக்கா பஞ்சம்?

சரி, மாத்திரைக்கு வருவோம். தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்க வேண்டும். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. எழுந்ததும் டிகாக்‌ஷன் வாசம் இழுக்கும், தெரியும்.

காபியைவிடப் பெரிய வில்லங்கம் கால்சியம் மாத்திரை. எலும்பு தேயும் வயது என்று அதையும் எழுதித் தருகிறோம். பலர் இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகும் முன் இதைக் கேட்காத மருத்துவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

இளைக்க வேண்டும் என்று நீங்களாக ஒரு தைராக்சின் மாத்திரை கூடுதலாகப் போடாதீர்கள். எலும்பு இன்னும் வேகமாகத் தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது பரிசோதனை எண்ணையே மாற்றிக் காட்டும். இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். வணக்கம்.