முதல் பறப்புக்கு முன்னால் பத்து நிமிடம்

வணக்கம் நண்பர்களே! மைக்கில் காற்றுச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு பொட்டல்காட்டில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆர்.சி., அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானக் குழு கூடுகிற இடம் இது. வெயில் ஏறினால் தரை காய்ந்து காற்று கிளம்பிவிடும் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் வருகிறோம். ஆடியில் கேட்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றை எதிர்த்துப் போனால், ஒரு கிலோ விமானம் நகராமல் அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

எந்த விமானம் வாங்குவது என்று பலரும் கேட்கிறீர்கள். வாங்க வேண்டாம், செய்யுங்கள் என்பேன். ஆனால் செய்ததைத் தனியாக மொட்டை மாடியில் நின்று பறக்கவிடாதீர்கள். அதற்கான காரணத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் விமானத்தைக் காட்டிவிடுகிறேன். ஃபோம் போர்டில் வெட்டியது, இறக்கை 1.2 மீட்டர். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறது, இரண்டு நுனியும் லேசாகத் தூக்கியிருக்கிறது, பாருங்கள். இப்படி இருந்தால், ரிமோட்டில் இருக்கிற குச்சியை விட்டதும் விமானம் தானாகவே நிமிரப் பார்க்கும். மோட்டார் 2212 அளவு, 1000 கேவி. கேவி என்பது பாரம் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு. மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 11.1 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று வரும். ப்ரொப்பெல்லரை மாட்டினால் இது நன்றாகக் குறையும். அப்புறம், தெர்மாகோலில் இறக்கை செய்கிறவர்கள் சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள், தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலோ எபாக்ஸியோ போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஒருவர் விமானம் கொண்டுவந்தால், எங்கள் குழுவில் யாரும் உடனே "பறக்கவிடு" என்று சொல்ல மாட்டார்கள். மூத்த அண்ணன் ஒருவர் அதை வாங்கி, இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கிப் பார்ப்பார். எடை நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன் விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டரில் விரல் வைக்கும்போது விமானம் நேராக நிற்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறப்பு கிடையாது. வால் கனத்த விமானம் மேலே போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் இறக்கினால் சட்டென்று குத்திட்டு விழும். பேட்டரியை முன்னால் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது திசைச் சோதனை. விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசைகிற மடல்) மேலே எழ வேண்டும், இடது தாழ வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலில் இருக்கிற எலிவேட்டர் மடல் மேலே போக வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறதா? முதல் பறப்பிலேயே நொறுங்குகிற விமானங்களில் நிறைய இந்த ஒரு சோதனையைத் தாண்டாதவை. இந்த மடல்களை அசைக்கிற சின்ன மோட்டாரான சர்வோ தலைகீழாக வேலை செய்வது செய்தவர் கண்ணுக்குத் தெரியாது. மேசையில் வைத்துப் பல இரவுகள் பார்த்துப் பழகிய கண் அது. பக்கத்தில் இருப்பவர் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கிறதா என்கிற சோதனை. ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைப்போம். மோட்டார் நின்றால்தான் தேர்வு. நிற்காமல் ஓடினால், சிக்னல் போன விமானம் முழு வேகத்தில் யார் வீட்டுக் கூரையைத் தேடிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எப்போதும் ரிமோட்டை முதலில் போட வேண்டும், விமானத்தின் பேட்டரியை அப்புறம்தான் சொருக வேண்டும். அணைக்கும்போது இதற்கு நேர் எதிர்.

மேலே போன பிறகு எல்லாரையும் குழப்புவது ஒன்றுதான். விமானம் உங்களை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலது மாறிவிடும். இதற்குக் குழுவில் சொல்லித் தரும் வழி: எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளி முட்டுக் கொடுங்கள். வலதா இடதா என்று யோசிக்கத் தேவையே இல்லை. ட்ரெய்னர் கேபிளில் இரண்டு ரிமோட்டை இணைத்துப் பழகினால் இன்னும் நல்லது. நிலைமை கைமீறினால் அண்ணன் தன் ரிமோட்டில் பிடித்திருக்கும் சுவிட்சை விட்டுவிடுவார், கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும்.

அதோ, அந்தச் சீமைக் கருவேலங்காடு தெரிகிறதா? காற்று எப்படி அடித்தாலும் விமானங்கள் எல்லாம் ஏனோ அங்கேதான் போய் இறங்குகின்றன! துரட்டி இல்லாமல் வராதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் பொழுதுபோக்கு மாடல் விமானமும் அடங்கும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் பறக்கலாம், அதுவும் உங்கள் பார்வைக்குள். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என்று எங்கள் ஊரில் இரண்டும் இருப்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்த்துத்தான் இந்த இடத்தைப் பிடித்தோம். நீங்களும் உங்கள் ஊருக்குப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி பற்றித் தனியாக ஒரு காணொளி போடுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: லைப்போவை முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிப்போனதைச் சார்ஜே போடாதீர்கள்.

ஓடுதளம் காலி என்று கூப்பிடுகிறார்கள். இந்த விமானத்துக்குச் சோதனை எல்லாம் முடிந்தது, பறக்கவிடத்தான் போகிறேன். இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கும், அதனால் கேமராவைத் தம்பி கையில் கொடுக்கிறேன். தம்பி, என்னைக் காட்டாதே, விமானத்தைக் காட்டு.