மஞ்சள் மூங்கில் வளர்ப்பு: எதை வெட்டணும், எதை விடணும்?

[காட்சி: மண்ணைப் பிளந்து நிற்கும் மூங்கில் குருத்து]

இந்தக் குருத்தோட பருமனைக் கவனிங்க. கடைசி வரைக்கும் இதே பருமன்தான். மூங்கில் புல் குடும்பம். மரம் மாதிரி வருஷா வருஷம் பருக்காது. சில மாசத்துலயே முழு உயரத்தைத் தொட்டுடும். அதனால கழி தடியா வரணும்னா, மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கு பலமா இருக்கணும். அதுக்குச் சாப்பாடு போடறது போன வருஷத்துக் கழிகளோட இலைதான்.

[காட்சி: பச்சைக் கோடு ஓடிய மஞ்சள் கழிகள்]

நம்ம ஊர்ல அழகுக்கு அதிகமா வைக்கிறது இந்த மஞ்சள் மூங்கில். வேர் ஓடிப்போய்ச் சுவரைப் பிளக்கும்னு பலர் பயப்படுறாங்க. ஓடிப் பரவுறது வேற வகை. இது ஒரே இடத்துல குத்தா, அதாவது புதர் மாதிரி கூட்டமா நின்னு, மெதுவா அகலமாகும். ஆனா முப்பது அடிக்கு மேல போகும். மதில்ல இருந்து ஆறு அடியாவது தள்ளி நடுங்க. மேல மின்கம்பி போற இடம் வேண்டவே வேண்டாம்.

ரெண்டடிக் குழி, தொழு உரம் கலந்த மண், தண்ணி தேங்காத இடம். முதல் ரெண்டு வருஷம் காய விடாதீங்க. உதிர்ற சருகைக் கூட்டி அள்ளாம அடியிலேயே மூடாக்கா விடுங்க.

[காட்சி: குத்தின் உள்பக்கம், அண்மையில்]

பலரும் விட்டுடற வேலை, பழைய கழிகளை வெட்டி எடுக்கிறது. குத்துக்குள்ள பாருங்க: நிறம் மங்கி, பாசி படிஞ்சு நிக்கிறது மூணு வருஷம் தாண்டின கழி. அதை எடுத்தாதான் உள்ள வெயில் இறங்கும், மஞ்சளும் பளிச்சுன்னு தெரியும். இளங்கழியைத் தொடாதீங்க, அடுத்த குருத்துக்கு அதுதான் ஆதாரம். முழுப் பச்சையா ஒரு கழி கிளம்பினா மட்டும் தயங்காம அடியோட எடுங்க. விட்டா பச்சையே பெருகிடும்.

மழையில குருத்து கிளம்பும்போது வெட்டாதீங்க. தை, மாசியில வெட்டுங்க. தரையை ஒட்டின கணுவுக்குச் சரியா மேல அறுக்கணும். கணுவுக்கு மேல நீளமா விட்டா அது குவளை ஆயிடும், அடுத்த மழைக்கு அதுல கொசுப்புழு நெளியும். இன்னொண்ணு, கழியைச் சுத்தியிருக்கிற உறையில பழுப்பு நிறச் சுணை இருக்கு. கையுறை இல்லாம தொட்டா அரிப்பு தாங்காது.

[காட்சி: இரண்டு கணு உள்ள துண்டு, மண்ணில் படுக்கை வாட்டில்]

புதுச் செடி வேணும்னா, ரெண்டாம் வருஷக் கழி ஒண்ணை எடுத்து, ரெண்டு கணு வர்ற மாதிரி துண்டு போடுங்க. நடுவுல துளை போட்டு உள்ள தண்ணி ஊத்தி, துளையை மூடி, படுக்க வெச்சு மண் போடுங்க. மூங்கில்ல இலை முதல்ல வந்துடும், வேர் பின்னாடிதான் வரும். இலையைப் பார்த்த உடனே பிடுங்கி வேற இடத்துல வெச்சா காஞ்சிடும். வேர் நல்லா பிடிச்சிருக்கான்னு மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துட்டு மாத்துங்க.