காசிமேட்டுச் சுவரில் எந்தக் கடல்?

(சுவரோவியம் பற்றிய ஊர்க்கூட்டத்தில் பேசியது)

குப்பத்துப் பெரியவர்களுக்கும், மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராக இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும், வண்ணம் தீட்டக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சுவர் கிடைத்துவிட்டது. அதில் என்ன வரைவது என்பதுதான் இப்போது பேச்சு. தம்பிகள் காட்டிய முதல் படத்தில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு கடல்கன்னி இருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். ஆனால் நம் கடலுக்கே தெய்வங்கள் இருக்கும்போது எதற்கு இரவல்? நெய்தலுக்கு வருணன் என்கிறது தொல்காப்பியம். கப்பல் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோர் ஒருவரைக் கரைசேர்த்தவள் மணிமேகலா தெய்வம். அந்த நன்றியில்தான் கோவலன் தன் மகளுக்கு அவள் பெயரை வைத்தான். ராயபுரத்துக்குப் பெயர் தந்த ராயப்பரும், அதாவது இயேசுவின் சீடர் பேதுருவும், வலை வீசியவர்தான். அவருக்கும் இடம் வேண்டும்.

நடுவில் யாரை வைப்பது? என்னைக் கேட்டால் ஒரு கொம்பை வைப்பேன். சங்கப் பாட்டான பட்டினப்பாலையில் புகார் நகரத்து மீனவர்களான பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போவதில்லை. சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வணங்குகிறார்கள். தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்து, உண்டு ஆடுகிறார்கள். கடலுக்குப் போகாத ஒரு நாளையே திருவிழாவாக்கியவர்கள்! அந்தக் கொம்பு நம் சுவரில் ஆள் உயரத்துக்கு நிற்கட்டும்.

அப்புறம் கட்டுமரம். வரைபவர்கள் பெரும்பாலும் அதை வெறும் பலகை போலப் போட்டுவிடுகிறார்கள். மரத்தோடு மரத்தைக் கயிறு பிணைத்த இடம் தெரிய வேண்டும். மூக்கு மேல்நோக்கி வளைய வேண்டும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்களே, அதையும் ஒரு மூலையில் வரையுங்கள். ஃபைபர் படகும் விசைப்படகும் ஏலம் கூறும் அம்மாக்களும் பக்கத்திலேயே வரட்டும்.

‘சாமி படத்தில் கருங்கல்லும் எண்ணெயும் எதற்கு?’ என்று சிலர் கேட்டார்கள். புகாரைக் கடல் கொண்ட கதையையும் மணிமேகலைக் காப்பியம்தான் சொல்கிறது. கரை போனதும் நம் கதைதான். துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கியது. மெரினா அகலமானது, வடக்கே நம் கரையைக் கடல் அரித்தது. அதைத் தடுக்கக் கொட்டிய கல்தான் இன்று நம் கண்ணெதிரே கிடக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை நம் பிள்ளைகள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய். அந்த வாளியும் சுவரில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் பிரைமர். இல்லாவிட்டால் ஒரு மழைக்கே வண்ணம் செதில் செதிலாக உரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அப்போது ஆரம்பிக்கலாம். அதற்கு முன் தம்பிகள் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டுவார்கள். மரம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் அவசியம் வாருங்கள். கோடு தப்பாக இருந்தால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள்.